நடுத்தையல்

காப்பிட், சரவாக்
2 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று உறையைப் பார்த்ததுமே நினைத்திருப்பீர்கள். போனில் நாங்கள் இருவரும் கதைத்தால் கொஞ்ச நேரத்திலேயே யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். கடைசியாக வைத்தது நீங்கள். அதற்கு முந்தின தடவை நான். கடிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது, அதனால்தான் இது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மேலே போட்டது தபால் விலாசம்தான், நான் இப்போது காப்பிட் ஊரில், என் எஞ்சின் கடையில் இல்லை. மனுசி ஜாவாயைக் கூட்டிக்கொண்டு அவளுடைய ஆட்களின் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆற்றில் மேலே போக வேண்டும். ஒரே கூரையின் கீழே முப்பது குடும்பம் வரிசையாக இருக்கும் இபான் ஆட்களின் நீள்வீடு. போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் படகுத்துறைக்கு இறங்கி ஒரு கல்லின் மேல் ஏறி நிற்க வேண்டும். இந்த வயதில் அந்தக் கல்லில் நின்று உங்களோடு சண்டை பிடிக்க எனக்குப் பெலன் இல்லை.

ஜாவாய்க்கு வயிற்றில் கட்டி. பெரியாஸ்பத்திரி வரைக்கும் போய்ப் பார்த்தோம். வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அவள் ஒன்றே ஒன்று கேட்கிறாள். உங்கள் மகள் ஆர்த்திகாவுக்கு மூத்த பிள்ளை பிறந்தபோது நாங்கள் ஒரு துணி அனுப்பினோம். கருஞ்சிவப்பு, ஓரத்தில் கோடுகள், நடுவில் நீளத்துக்கு ஒரு தையல். புவா கும்பு என்பது அதன் பெயர். இங்கே பிறந்த பிள்ளையை ஏந்துவதும் அதில்தான், செத்தவரைச் சுற்றித் திரை கட்டுவதும் அதில்தான். அந்தத் துணியின் கோலம் ஜாவாய்க்குக் கனவில் வந்தது. கனவில் வராத கோலத்தைத் தொட அவர்கள் பயப்படுவார்கள். அதை நெய்து முடித்த பிறகுதான் இங்குள்ள பெரிய மனுசிகள் அவளை நெசவுக்காரி என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு எத்தனையோ நெய்து விற்றாள். அவையெல்லாம் சும்மா துணி என்கிறாள். போகிற அன்றைக்கு அந்தத் துணிக்குள் படுத்திருக்க வேண்டுமாம். அந்தப் பக்கம் போனால் நீ என்ன நெய்தாய் என்று கேட்பார்களாம்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். அனுப்பி வையுங்கள், கெதியாக. அத்தானை விசாரித்ததாகச் சொல்லுங்கள், அதைச் சொல்வதால் வீட்டில் கரைச்சல் வராது என்றால்.

தம்பி
பஞ்சலிங்கம்

~

லாசால், மொன்றியல்
24 நவம்பர் 2023

தம்பி பஞ்சனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மனுசிக்கு இப்படி என்று அறிந்து கவலைப்பட்டேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்வித்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். அவளுடைய நட்சத்திரம் எனக்கு எப்படித் தெரியும்? உன்னுடையதைச் சொல்லிவிட்டு வந்தேன். எப்படியும் ஒரே வீட்டுக்குத்தானே போய்ச் சேரும்.

அந்தத் துணியை அனுப்ப முடியாது. இப்போது இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது, தபாலெல்லாம் தாறுமாறு. நானும் தபால் கந்தோருக்கு அலைகிற நிலையில் இல்லை. விடிய முன்னமே பஸ் பிடித்து டோர்வலுக்குப் போகிறேன். விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிற வேலை. நான் அடுக்கின தட்டில் சாப்பிட்டுக்கொண்டு சனங்கள் எங்கெங்கோ பறக்கிறார்கள், எனக்குக் கால் வீங்குகிறது. மத்தியானம் வரைக்கும் கீழ்வீட்டு அஜந்தா மேலே வந்து அத்தானோடு இருப்பாள். நான் வந்ததும் அவள் போய்விடுவாள். பிறகு நான்தான். அத்தானுக்கு மறதி என்று முன்பே சொல்லியிருக்கிறேன். உனக்கு அது ஏதோ திறப்பை வைத்த இடம் மறக்கிற மறதி என்ற நினைப்பு.

அதுவும் போக, ஒருவருக்குக் கொடுத்த பொருளை வருடக்கணக்காகக் கழிந்த பிறகு திருப்பித் தா என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அங்கே நெசவுக்காரிகளுக்கா பஞ்சம்? அவள் நெய்த துணி வேறு ஒன்று அந்த ஊரில் இல்லாமலா போகும்? யாரிடமாவது இரவல் வாங்கு.

வேறு என்ன வேண்டுமென்றாலும் கேள், செய்கிறேன். மருந்து ஏதும் இங்கிருந்து எடுத்து அனுப்ப வேண்டுமென்றால் ஆர்த்திகாவிடம் சொல்லி ஒழுங்கு செய்யலாம். துணியைப் பற்றி மட்டும் இனி எழுதாதே. நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். சின்னனிலேயே உனக்குச் சளி லேசில் பிடிக்கும்.

அக்கா
ஞானாம்பிகை

~

காப்பிட்
15 டிசம்பர் 2023

அக்கா,

'அனுப்ப முடியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். 'இருக்கிறது' என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. நான் எஞ்சின் திருத்துகிறவன். சத்தம் வர வேண்டிய இடத்தில் வராவிட்டால் பழுது அங்கேதான்.

அத்தான் அதைக் குப்பையில் போட்டுவிட்டாரா? போட்டிருந்தால் போட்டுவிட்டார் என்று ஒரு வரி எழுதுங்கள். நான் அவளுக்கு ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கிறேன். பனியையும் தபாலையும் சாட்டாதீர்கள். மொன்றியலில் பனி இந்த வருடம்தான் முதன்முதலில் கொட்டுகிறதா?

அந்தப் பனி எனக்கும் தெரியும். அம்மா செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு நாங்கள் இருவரும் அத்தனை தூரம் வந்தோம். உங்கள் வீட்டு வெளிப்படிக்கட்டில் ஏறி மேல்கதவடிக்கு வந்தபோது அத்தான் கதவைப் பாதி திறந்து என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? "நீ உள்ள வா. அவ வேண்டாம். ஆக்கள் வந்திருக்கினம்." ஜாவாய்க்குத் தமிழ் தெரியாது, ஆனால் பாதி திறந்த கதவு எல்லாப் பாசையிலும் ஒன்றுதான். நீ போ, உன் அம்மா அல்லவா என்று என்னைத் தள்ளிவிட்டு அந்த இரும்புப் படியிலேயே நின்றாள். நான் அம்மாவின் படத்துக்குப் பூப்போட்டுக் கும்பிட்டுவிட்டு சாப்பிட இலையில் இருக்காமல் திரும்பி வந்தேன். அதற்குள் அவளுடைய கண்ணிமையில் பனி கட்டியிருந்தது. மோட்டலுக்குப் போய்ச் சுடுதண்ணீரில் காலை வைத்தபோது வலியில் அழுதாள். அதுவரை அழவில்லை.

அதற்குப் பிறகும் ஆர்த்திகாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அந்தத் துணியை அனுப்ப வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். நான் மறித்தேன். வேறு ஏதாவது அனுப்பு, அதை அனுப்பாதே என்றேன். பிள்ளைக்கும் அவருக்கும் என்ன சண்டை, என்னிடம் இருப்பதில் நல்லது இதுதான் என்றாள். அப்படி வந்த துணி அது.

இரவல் வாங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தை அவளுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. தபால் பிந்துகிறது என்று மட்டும் சொன்னேன். தினமும் படகுச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குகிறாள். நான் அவளைத் தூக்கிக் குளிக்கவார்க்கிறேன், கஞ்சி பருக்குகிறேன், துணி மாற்றுகிறேன். அது எனக்குக் களைப்பில்லை. அந்தப் படகுச் சத்தத்துக்குப் பதில் சொல்வதுதான் களைப்பு.

பஞ்சலிங்கம்

~

லாசால்
7 ஜனவரி 2024

தம்பி,

குப்பையில் போடவில்லை. அது இப்போது இந்த நிமிடம் அத்தானின் மேலே கிடக்கிறது.

உனக்கு இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். அவர் இருந்த இருப்பு உனக்குத் தெரியும், உன்னிடம் அவர் நடந்துகொண்டதும் தெரியும். இப்போது அவரை இப்படிப் பார்த்து நீ மனதுக்குள் சிரித்துவிடக் கூடாது என்று எனக்கு ஒரு ரோசம். உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த ரோசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

துணி வந்தபோது அத்தான் பிள்ளைக்குப் போடவிடவில்லை. நான் அதைச் சூட்கேஸில் வைத்து மூடிவிட்டேன். பிறகு மறதி வந்தது. மறதி என்றால் பகலில் ஒன்றுமில்லை, குழந்தைப்பிள்ளை மாதிரி இருப்பார். படுக்கப் போட்டால்தான் தொடங்கும். யாழ்தேவி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிக் கதவைத் திறப்பார். ஒரு தரம் சாரத்தோடு தெருமுனைத் தெப்பனர் சில்லறைக்கடை வரைக்கும் போய்விட்டார், பனியில், செருப்பில்லாமல். அந்தக் கடைக்காரச் சீனப் பிள்ளை கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். எத்தனை போர்வை போட்டாலும் உதறி எறிவார். ஆஸ்பத்திரியில் கொடுத்த நித்திரைக் குளிசை குடித்தால் அடுத்த நாள் நிற்க முடியாமல் விழுவார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு குளிரில் எங்கள் ஹீட்டர் பழுதாகி, வீட்டில் இருந்த துணியெல்லாம் எடுத்து அவர் மேலே போட்டேன். சூட்கேஸில் கிடந்த இதுவும் ஒன்று. மற்றதெல்லாம் உதறினார். இதைப் பிடித்துக்கொண்டார். நடுவில் ஒரு தையல் இருக்கிறதே, அதில் விரலை வைத்து மேலிருந்து கீழே தடவிக்கொண்டு போனார். கீழே போனதும் திரும்ப மேலே. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நித்திரையாகிவிட்டார்.

அன்றிலிருந்து அப்படித்தான். அவர் படுத்தால் நான் படுக்கலாம், நான் படுத்தால்தான் விடிய வேலைக்குப் போகலாம். துணியைத் தோய்க்கப் பயந்து வெயிலில் மட்டும் போடுவேன். அவர் தடவித் தடவித் தையலோரத்தில் ஓரிடம் மழுங்கிப்போய்விட்டது, அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். ஆர்த்திகா கேர்க்லாண்டிலிருந்து சனிக்கிழமைகளில் வருவாள். வந்தால் ஒரே பேச்சு, அப்பாவை முதியோர் இல்லத்தில் விடுவோம், நீங்கள் விழுந்துவிடுவீர்கள் என்று. பிள்ளை சொல்வதில் பிழையில்லை. துணி இருப்பதால்தான் நான் இன்னும் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். துணி போனால் அவரும் போக வேண்டியதுதான்.

அது யார் நெய்த துணி என்று இப்போது அவருக்கு நினைவில்லை. நான் சொன்னதில்லை.

நீ இதை ஜாவாய்க்கு வாசித்துச் சொல்லு. மறைக்காமல் சொல்லு. அனுப்பு என்று ஜாவாய் சொன்னால் அனுப்புகிறேன். நான் இனி இதில் எதையும் தீர்மானிக்கமாட்டேன், எனக்கு ஏலாது.

அக்கா

~

காப்பிட்
29 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வாசித்தேன். உங்கள் தமிழை இபானில் சொல்வது லேசில்லை, யாழ்தேவிக்கே ஒரு பாட்டம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் நித்திரையாகிற இடத்தை மட்டும் திரும்ப வாசி என்றாள். வாசித்தேன். திரும்பவும் என்றாள். பிறகு சிரித்தாள், அக்கா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். அவர்களுக்கும் கதை சொல்லியாயிற்று. இப்போது இந்த முப்பது குடும்பத்துக்கும் உங்கள் வீட்டுக்காரரைத் தெரியும்.

நான் மனதுக்குள் சிரிப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். சிரிக்க நினைத்துத்தான் வாசிக்கத் தொடங்கினேன். வரவில்லை. நானும் ஒரு ஆளை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் முந்தின கடிதத்தில் சூடாக எழுதிய இடங்களைக் கிழித்துவிடுங்கள், படிக்கட்டுக் கதையைத் தவிர. அது நடந்ததுதான்.

ஜாவாய் சொல்வது இது. புவா என்பது இரண்டு பாதி. ஒரே பாவில் நெய்து, நடுவில் நெய்யாமல் விட்ட நூலை மட்டும் அறுத்து, பக்கம் பக்கமாக வைத்துத் தைக்கிறது. நெய்த இடத்தில் கத்தரிக்கோல் படக்கூடாது, படவே கூடாது. ஆனால் தையல் ஊசி வேலைதானே, ஊசி போட்டதைப் பிரிக்கலாம் என்கிறாள். நடுத்தையலைப் பிரித்து ஒரு பாதியை இங்கே அனுப்புங்கள். மற்றப் பாதி அத்தானுக்கு. அவர் தடவி மழுங்கின பக்கம் அவருக்கே இருக்கட்டுமாம், பழகின பக்கம் அல்லவா.

பிரிக்கிறவர் பல்லில் ஒரு இரும்பைக் கடித்துக்கொள்ள வேண்டும். இங்கே எதற்கும் அப்படித்தான், உயிர் கெட்டியாக இருப்பதற்கு. சிரிக்காமல் செய்யுங்கள். ஆணியோ கத்தியோ எதுவென்றாலும் சரி.

அவள் இப்போது கஞ்சியும் குடிப்பதில்லை. பாதிக்கு ஒத்துக்கொண்டாளே தவிர, அந்தக் கோலத்தைப் பாதியாக நினைத்துப் பார்க்க அவளுக்கு ஒரு மாதிரித்தான் இருக்கிறது. விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்க்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு செய்கிறாள்.

தம்பி
பஞ்சன்

~

லாசால்
18 பெப்ரவரி 2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் பிரிக்கவில்லை. முழுத் துணியையும் அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன் அது உன்னிடம் வந்திருக்கும். கூரியர் கடைப் பெண்பிள்ளை உள்ளே என்ன என்று கேட்டாள், பழைய போர்வை என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குப் பிரெஞ்சில் தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குசினி மேசையில் துணியை விரித்துக்கொண்டு இருந்தேன். வீட்டில் வாய்க்கு அடங்கின இரும்பு என்று பார்த்தால் அம்மாவின் பாக்குவெட்டிதான் கிடைத்தது. அதைக் கடித்துக்கொண்டு சவரப் பிளேட்டால் தையலை ஒவ்வொன்றாக எடுத்தேன். சாண் அளவு பிரித்திருப்பேன். அத்தான் வந்து முன்னால் நின்றார். துணியைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார்.

"ஆற்ற துணி இது?" என்று கேட்டார்.

மூன்று வருடமாக மூடிக்கொண்டு படுத்தவர், அன்றைக்குத்தான் யாருடையது என்று கேட்கிறார். நான் பாக்குவெட்டியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "பஞ்சன்ர மனுசி நெய்தது" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. களைப்பில் பொய் வரவில்லை.

 அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்து நான் திரும்பப் பிளேட்டை எடுத்தேன். அப்போது சொன்னார், "அவ வெளியில நிக்கிறாவெல்லே. சரியான குளிர்."

சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார். முழுசாகத் திறந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி, வழிவிட்டுக்கொண்டு நின்றார். படிக்கட்டு முழுக்கப் பனி. ஒருவரும் இல்லை. நான் எத்தனை சொல்லியும் கதவைச் சாத்தவிடவில்லை. வீட்டுச் சூடெல்லாம் வெளியே போய்விட்டது, என் கோட்டை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டு நானும் பக்கத்தில் நின்றேன். அம்மாவின் எட்டுச் செலவு நாளிலிருந்து இன்று வரை அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை, பஞ்சன். நானும் எடுத்ததில்லை. தன் பிள்ளைகளின் பெயர் மறந்தவருக்கு அது மட்டும் எங்கே கிடந்ததோ.

அதற்குப் பிறகு என்னால் பாதியைப் பிரித்து எடுத்து வைத்துக்கொள்ள முடியவில்லை. பிரித்த சாணைத் திரும்பத் தைத்தேன். என்னிடம் கறுப்பு நூல்தான் இருந்தது, அந்த இடம் தெரியும். ஜாவாயிடம் மன்னிக்கச் சொல்லு.

இப்போது இங்கே நித்திரை இல்லை. யாழ்தேவிக்குப் போவதை விட்டுவிட்டார். ஜாவாய் நிற்கிறதாக எண்ணிப் பகலிலும் போய்க் கதவைத் திறந்து வைக்கிறார். அஜந்தா தன்னால் இனி ஏலாது என்கிறாள். ஆர்த்திகா இல்லத்துக்குப் பதிந்துவிட்டாள், இடம் வந்தால் கூப்பிடுவார்களாம். நேற்று வேலையில் தட்டோடு நின்றபடியே நித்திரையாகிவிட்டேன்.

ஆனாலும் அனுப்பினது சரிதான். நேரத்துக்கு வந்து சேர்ந்ததா என்று மட்டும் எழுது. அந்தக் கல்லில் ஏறி நின்று போன் எடுத்தாலும் சரி. நான் வைக்கமாட்டேன்.

அக்கா

~

காப்பிட்
17 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

போன் எடுக்கத்தான் இறங்கினேன். கல்லில் ஏறின பிறகு குரல் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேரத்துக்கு வந்தது. படகில் வந்த பெட்டியை நான் வாங்க முன்னமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியைப் பிரித்துத் துணியை அவள் மேலே விரித்தேன். கண் அவ்வளவாகத் தெரியாது, கையால் பார்த்தாள். அத்தான் மழுங்க வைத்த இடத்தை விரலால் கண்டுபிடித்து அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு உங்கள் கறுப்பு நூலுக்கு வந்தாள். உன் அக்காவுக்குத் தைக்கத் தெரியாது என்றாள். கோபிக்காதீர்கள், அவளிடம் தையலில் நல்ல பெயர் வாங்கினவர் இந்த ஆற்றங்கரையில் எவருமில்லை.

உங்கள் கடிதம் பிறகுதான் வந்தது. அத்தான் கதவைத் திறந்ததைச் சொன்னேன். முழுசாகவா என்று கேட்டாள். முழுசாக, ஒதுங்கி நின்று, என்றேன். விரலால் நடுத்தையலைத் தேடிப் பிடித்தாள். பிறகு, எல்லாம் முடிந்த பிறகு தையலைப் பிரி, பாதியை என்னோடு வை, பாதியை அவருக்கு அனுப்பு என்றாள். கேட்கிறவர்களுக்குக் காட்டப் பாதி போதும், மற்றப் பாதி எங்கே என்று கேட்டால் சொல்ல என்னிடம் கதை இருக்கிறது என்றாள்.

மாசி கழிய முன் போய்விட்டாள். காலையில், நான் பக்கத்தில் இருக்கும்போது. நோவு அவ்வளவு இருக்கவில்லை. நீள்வீட்டின் பொது விறாந்தையில் வைத்து, சுற்றிவரத் துணிகளைத் திரையாகக் கட்டினார்கள். தலைமாட்டில் அவளுடையது. பாதிரியார் வந்து ஜெபித்தார், துணிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அவருடைய தாயும் நெசவுக்காரி. கிழவிகள் ஒவ்வொருவராக வந்து அந்தக் கோலத்தின் பெயரைச் சொல்லி அழுதார்கள். அவளுடைய பெயரைச் சொல்லவில்லை, துணியின் பெயரைத்தான் சொன்னார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

அடக்கத்துக்கு முன் தையலை நானே பிரித்தேன். இரும்புக்கு எங்கே போவது, என் கையில் எப்போதும் இருப்பது ஸ்பானர்தான். அதைக் கடித்துக்கொண்டு கண்ணீரும் வழிய நான் இருந்த கோலத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்த பெண்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்திருப்பாள்.

அத்தானின் பாதி இதோடு வருகிறது. உங்கள் கறுப்பு நூல் துண்டு ஒன்று ஓரத்தில் மிச்சம் இருக்கும், நான் எடுக்கவில்லை.

இங்கேயே இரு என்கிறார்கள் இந்தச் சனங்கள். அவளுடைய அறை எனக்குத்தானாம். இருக்கலாம்தான். ஆனால் இன்னும் படகுச் சத்தம் கேட்டால் நான் திரும்பி அவளுடைய பாயைப் பார்க்கிறேன். இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா.

பஞ்சன்

~

லாசால்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பிக்கு,

இன்றைக்கு வருடப்பிறப்பு. பொங்கவில்லை, செத்தவீட்டுத் துடக்கு. ஜாவாய் எங்கள் வீட்டுக்காரிதானே. ஆர்த்திகாவுக்கும் சொல்லிவிட்டேன், அவளும் கோயிலுக்குப் போகவில்லை. இந்த முறை அவள் காரணம் கேட்டு என்னை ஏசவில்லை, உடனே சரி என்றாள்.

நீ இங்கே வா. இதை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, எழுதுகிறேன். மோட்டல் எல்லாம் வேண்டாம். அறை ஒன்று சும்மா இருக்கிறது. கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போ, அல்லது போகாதே. உனக்குச் சமைத்துப் போட எனக்கு ஏலாது என்பதையும் முன்னமே சொல்லிவிடுகிறேன், இரண்டு பேருமாகச் சமைக்கலாம். இல்லத்தில் அத்தானுக்கு இடம் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஒரு கிழமை தவணை கேட்டிருக்கிறேன். என்ன பதில் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. சில காலையில் ஓம் என்று நினைக்கிறேன், பஸ்ஸில் ஏறினதும் இல்லை என்று நினைக்கிறேன்.

பாதி நேற்று வந்தது. நான் வேலையால் வர அஜந்தா கோட்டோடு இருந்தாள். கதவு திறந்து கிடந்தது. அத்தான் வழக்கம்போல் ஒதுங்கி நின்றார். வெளியே மழையும் பனியுமாகக் கலந்து விழுந்துகொண்டிருந்தது. பொதி படியில் நனைந்துகொண்டு கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, அவர் பார்க்கப் பிரித்து அவருடைய தோளில் போட்டேன். பாதி என்றபடியால் சால்வை மாதிரிச் சரியாக இருந்தது. அவர் விரலால் தையலைத் தேடினார். தையல் இல்லை, ஓரம்தான் இருந்தது. ஊசி போன சின்னச் சின்ன ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன, பஞ்சன். அவற்றைத் தடவிக்கொண்டு கீழே போனார், திரும்ப மேலே வந்தார்.

"அவ வந்திட்டாவே?" என்று கேட்டார்.

 "ஓம். வந்திட்டா" என்றேன்.

"அப்ப கதவைச் சாத்து. குளிர் வருது."

சாத்தினேன். பிறகு அவர் எழும்பிப் போய்த் திறக்கவில்லை.

அக்கா